டபுள் மார்க்கரில் ‘ஹை ரிஸ்க்’ வந்துவிட்டதா? ஒவ்வொரு படியாகப் போகலாம்

டபுள் மார்க்கர் என்பது கர்ப்பத்தின் மூன்றாம் மாத வாக்கில், குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட எடுக்கும் ரத்தப் பரிசோதனை. அந்த ரிப்போர்ட்டில் பெரும்பாலும் ஒரு படம் இருக்கும். கீழே அம்மாவின் வயது, பக்கவாட்டில் ரிஸ்க், இடமிருந்து வலமாக ஏறிப்போகும் ஒரு வளைகோடு, குறுக்கே 1:250 என்று இன்னொரு கோடு. என்னுடைய புள்ளி அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தது. பக்கத்தில் 1:148, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘ஹை ரிஸ்க்’. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வந்தது. டாக்டரைப் பார்க்கத் திங்கட்கிழமைதான் முடிந்தது. நடுவில் மூன்று ராத்திரி தூக்கமே இல்லை. போனில் தேடித் தேடிப் படித்ததில் பாதி தப்பு, மீதி என் விஷயத்துக்குப் பொருந்தாதது.

நான் டாக்டர் இல்லை. இந்த வழியில் ஒரு முறை நடந்து வந்தவள். அப்புறம் சொந்தத்திலும் அக்கம்பக்கத்திலும் நாலைந்து பேருக்குத் துணையாகப் போனவள். அவர்களிடம் சொன்னதைத்தான் வரிசையாக வைக்கிறேன். உங்களைப் பார்க்கும் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

முதல் ராத்திரி: எண்ணைப் படியுங்கள், வார்த்தையை அல்ல

1:148 என்றால் என்ன? ஒரு டவுன் பஸ்ஸில் ஐம்பது பேர் என்று வையுங்கள். மூன்று பஸ் நிறையக் கர்ப்பிணிகள், எல்லார் கையிலும் இதே ரிப்போர்ட். மூன்று பஸ்ஸிலும் சேர்த்து ஒருவருடைய குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். மற்ற எல்லாருக்கும் இருக்காது. சதவீதத்தில் சொன்னால் ஒன்றுக்கும் குறைவு. இதை எனக்குச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை. ‘ஹை’ என்ற வார்த்தை மட்டும் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது.

இது ஸ்கிரீனிங் பரிசோதனை. ‘இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா’ என்று யாரிடம் கேட்பது என்பதை முடிவு செய்யத்தான் அந்த 1:250 கோடு. 1:249 வந்த குழந்தைக்கும் 1:251 வந்த குழந்தைக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. கழுத்துப் பின்புற நீரை அளக்கும் என்டி ஸ்கேனையும் டபுள் மார்க்கரையும் சேர்த்துப் பார்த்தால், டவுன் சிண்ட்ரோம் உள்ள நூறு கருவில் 85 முதல் 90 வரை கண்டுபிடிக்கலாம். அதற்குக் கொடுக்கும் விலை, ஒரு குறையும் இல்லாத குழந்தையைச் சுமக்கும் நூறு பேரில் சுமார் ஐந்து பேருக்கும் இதே ‘ஹை ரிஸ்க்’ வந்துவிடுவது. அந்த ஐந்து பேரின் தூக்கத்தைப் பற்றி ரிப்போர்ட்டில் எங்கேயும் எழுதியிருக்காது. இன்னொரு பக்கமும் உண்டு: ‘லோ ரிஸ்க்’ வந்தவர்களுக்கும் இது உத்தரவாதம் இல்லை.

வயதையும் சேர்த்துத்தான் கணக்கு. 25 வயதில் சுமார் 1,250 பிரசவத்துக்கு ஒரு டவுன் சிண்ட்ரோம் குழந்தை, 35 வயதில் சுமார் 350க்கு ஒன்று, 40 வயதில் சுமார் 100க்கு ஒன்று. அதனால் 38 வயதுக்காரருக்கு ரத்த அளவெல்லாம் சாதாரணமாக இருந்தும் வயது மட்டுமே எண்ணை ஏற்றிவிடலாம்.

அன்றைக்கு ராத்திரி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கணவரிடமோ, அக்கா தங்கையிடமோ, யாராவது ஒருவரிடம் சொல்லுங்கள். வீடு முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. நான் என் மாமியாரிடம் சொன்னேன். விடிவதற்குள் ஊரிலிருந்து மூன்று போன். ‘எங்க காலத்துல இதெல்லாம் யாரு பார்த்தா’ என்று ஒருவர், ‘உங்க அம்மா வீட்டுப் பக்கம் யாருக்காவது இருக்கா’ என்று இன்னொருவர். அன்புதான். ஆனால் அந்த நேரத்தில் அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை.

மறுநாள்: ரிப்போர்ட்டின் மேல்பகுதியைச் சரிபாருங்கள்

எல்லாரும் நேராக ரிசல்ட்டுக்குப் போய்விடுகிறோம். மேலே சின்ன எழுத்தில் இருக்கும் விவரங்களை யாரும் பார்ப்பதில்லை. ரிஸ்க் எண் மெஷினில் வருவது இல்லை. உங்கள் விவரங்களை ஒரு சாப்ட்வேரில் போட்டுக் கணக்குப் பண்ணி எடுப்பது. போட்டது தப்பு என்றால் வருவதும் தப்பு.

என் சித்தப்பா மகளுக்கு 1998இல் பிறந்த தேதியை 1989 என்று யாரோ டைப் செய்திருந்தார்கள். 26 வயதுப் பெண்ணை 35 வயதாகக் கணக்குப் போட்டு ‘ஹை ரிஸ்க்’ அனுப்பியிருந்தார்கள். ஆதார் கார்டைக் காட்டியதும் அதே ரத்த அளவுகளை வைத்தே மறுபடி கணக்கிட்டுக் கொடுத்தார்கள். எண் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. ‘சாரி மேடம்’ என்பதோடு முடிந்தது விஷயம். நாலு நாள் அவள் சாப்பிடாமல் கிடந்ததற்கு யார் பதில் சொல்வது?

பிறந்த தேதி சரியா? ரத்தம் எடுத்த அன்று உங்கள் எடை சரியாக இருக்கிறதா, அல்லது கல்யாணத்துக்கு முன் இருந்த எடையைப் போட்டார்களா? ஒரு குழந்தையா இரட்டையா? ஐவிஎஃப் என்றால் அது குறிப்பிடப்பட்டிருக்கிறதா, வேறொருவர் கருமுட்டை என்றால் கொடுத்தவரின் வயது போட்டிருக்கிறதா? உங்களுக்கு ஏற்கெனவே சர்க்கரை இருந்தால் அது இருக்கிறதா? எல்லாவற்றையும்விட முக்கியம், கருவின் வயது. கடைசி மாதவிலக்கை வைத்துப் போட்டார்களா, ஸ்கேனில் அளந்த கருவின் நீளத்தை வைத்துப் போட்டார்களா என்று பாருங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் அதை சிஆர்எல் என்பார்கள். அது 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள், அதாவது 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் இருக்கும்போது எடுத்த என்டி அளவுதான் இந்தக் கணக்குக்கு ஆகும்.

அந்த என்டி அளவைச் சேர்த்துத்தான் கணக்குப் போட்டார்களா என்பதையும் பாருங்கள். சில ரிப்போர்ட்டில் ரத்தத்தை மட்டும் வைத்து ஒரு ரிஸ்க், ஸ்கேனையும் சேர்த்து இன்னொரு ரிஸ்க் என்று இரண்டு வரி இருக்கும். சேர்த்துப் போட்டதுதான் கணக்கில் எடுக்க வேண்டியது. அந்த வரியே இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

ரத்த அளவுகளுக்குப் பக்கத்தில் எம்ஓஎம் என்று இருக்கும். 1.0 என்றால் அந்த வாரத்தில் எல்லாருக்கும் இருக்கும் நடு அளவு. பாப்-ஏ, பீட்டா எச்சிஜி என்ற இரண்டைத்தான் இந்த ரத்தத்தில் அளப்பார்கள். டவுன் சிண்ட்ரோமில் பாப்-ஏ குறைந்து பீட்டா எச்சிஜி கூடுவது வழக்கம். இரண்டும் மிகக் குறைவாக இருந்தால் 18ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்குமோ என்று யோசிப்பார்கள். பாப்-ஏ மட்டும் 0.4க்கும் கீழே போயிருந்தால், குரோமோசோம் சரியாகவே இருந்தாலும் டாக்டரிடம் அதைத் தனியாகக் கேளுங்கள். அது நச்சுக்கொடி வேலை செய்வதையும் காட்டும் அளவு. பின்னால் பிபி ஏறுவதும் குழந்தை எடை போடாமல் இருப்பதும் இவர்களிடம் கொஞ்சம் அதிகம். தேவைப்படுபவர்களுக்கு 16 வாரத்துக்கு முன்பே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவார்கள். தாமதமாகத் தொடங்கினால் பலன் குறைவு. குரோமோசோம் பயத்தில் இதை மறந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கடையில் வாங்கி நீங்களாகப் போட்டுக்கொள்ளவும் கூடாது.

யார் மேல் தப்பு? யார் மேலும் இல்லை

இது ஒரு படியே இல்லை. ஆனால் இதைத் தாண்டாமல் அடுத்ததற்குப் போக முடியாது. டவுன் சிண்ட்ரோம் என்பது 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது. கருமுட்டையோ விந்தோ உருவாகும்போது குரோமோசோம் பிரியும் இடத்தில் நடக்கும் தற்செயல், நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு இதுதான் காரணம். நீங்கள் பப்பாளி சாப்பிட்டதால் இல்லை, கிரகணத்தன்று வெளியே போனதால் இல்லை, ஸ்கூட்டி ஓட்டியதால் இல்லை. மாமன் மகனைக் கட்டியதாலும் இல்லை. சொந்தத்தில் திருமணம் செய்தால் தலசீமியா போல, அம்மா அப்பா இருவரிடமிருந்தும் ஒரே பழுது வந்து சேரும் நோய்கள் கூடும். அதற்கு வேறு ரத்தப் பரிசோதனை. இரண்டையும் போட்டுக் குழப்பி ஒருவரை ஒருவர் குத்திக்கொள்ளும் வீடுகள் நம் ஊரில் ஏராளம்.

அடுத்த வாரத்துக்குள்: சரியான ஆளைப் பாருங்கள்

பிரசவம் பார்க்கும் டாக்டரைத் தவிர ஃபீட்டல் மெடிசின் என்று தனிப் பிரிவு இருக்கிறது. கருவையே நோயாளியாகப் பார்ப்பவர்கள். சென்னை, கோவை, மதுரை, திருச்சி, வேலூர் போன்ற ஊர்களில் இருக்கிறார்கள். உங்கள் டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் பார்ப்பவர்கள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரை கேட்கலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ 104 எண்ணிலோ கேட்கலாம்.

போகும்போது ஒரு காகிதத்தில் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனால் மறந்துவிடும். நான் எழுதியதில் உருப்படியாக இருந்தவை: இப்போது எனக்குச் சரியாக எத்தனை வாரம்? ஸ்கேனில் வேறு ஏதாவது தெரிகிறதா? அடுத்த பரிசோதனையின் முடிவு வரும்போது எத்தனை வாரம் ஆகியிருக்கும்? ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? கடைசிக் கேள்வி முக்கியம். மேற்கொண்டு பரிசோதனை வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. எந்த முடிவு வந்தாலும் குழந்தையைப் பெற்றுக்கொள்வோம் என்று தெளிவாக இருப்பவர்கள் சிலர் ஸ்கேனோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே தெளிவோடு, முன்கூட்டியே தெரிந்தால் தயாராகலாம் என்று பரிசோதனை செய்பவர்களும் உண்டு.

பையனா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்வதும் குற்றம், கேட்பதும் வம்பு. குரோமோசோம் ரிப்போர்ட்டிலும் அந்த விவரத்தை மறைத்துத்தான் தருவார்கள்.

என்ஐபிடியா, ஊசியா

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

என்ஐபிடி என்பது அம்மாவின் கையில் எடுக்கும் ரத்தம். 10 வாரத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், குழந்தைக்கு ஆபத்தே இல்லை. டவுன் சிண்ட்ரோமை நூற்றுக்கு 99க்கு மேல் கண்டுபிடிக்கும். பல லேப்களில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். ஆனால் இதுவும் ஸ்கிரீனிங்தான். ரத்தத்தில் மிதக்கும் அந்த டிஎன்ஏ துணுக்குகள் குழந்தையிடமிருந்து நேராக வருவதில்லை, நச்சுக்கொடியிலிருந்து வருகின்றன. சில சமயம் நச்சுக்கொடியில் மட்டும் கோளாறு இருந்து குழந்தை சுத்தமாக இருக்கும். அதனால் என்ஐபிடி பாசிட்டிவ் வந்தாலும் ஊசிப் பரிசோதனையில் உறுதி செய்யாமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. 25 வயதுப் பெண்ணுக்கு வரும் பாசிட்டிவ், 40 வயதுப் பெண்ணுக்கு வருவதைவிடப் பொய்யாக இருக்க வாய்ப்பு அதிகம். அதேபோல 13ஆம் குரோமோசோமுக்கு வரும் பாசிட்டிவ், 21க்கு வருவதைவிடப் பொய்யாக இருக்க வாய்ப்பு அதிகம். எடை அதிகமானவர்களுக்குக் குழந்தையின் பங்கு ரத்தத்தில் குறைந்து ‘ரிசல்ட் இல்லை’ என்றும் வரலாம். ‘ரிசல்ட் இல்லை’ என்பதை ‘நல்ல ரிசல்ட்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஊசி இரண்டு வகை. 11 முதல் 14 வாரத்துக்குள் நச்சுக்கொடியில் துளி எடுப்பது சிவிஎஸ். 15 வாரம் முடிந்தபின் பனிக்குடத் தண்ணீர் எடுப்பது ஆம்னியோ. இவைதான் உறுதியான பதில் தருபவை. கருச்சிதைவு பயம் பற்றிப் பழைய கணக்கில் நூற்றுக்கு ஒன்று என்பார்கள். அனுபவம் உள்ளவர் கையில் அது இருநூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே என்பது இப்போதைய கணக்கு.

அப்படியானால் யாருக்கு எது? ரிஸ்க் 1:250க்கும் 1:1000க்கும் நடுவில் இருந்து ஸ்கேன் நன்றாக இருந்தால், என்ஐபிடி நல்ல வழி என்பது என் எண்ணம். 1:20, 1:10 என்று வந்திருந்தால் இரண்டு செலவும் இரண்டு காத்திருப்பும் எதற்கு என்று கேட்டு நேராக ஊசிக்குப் போகலாம். என்டி 3.5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ ஸ்கேனிலேயே உறுப்புக் கோளாறு தெரிந்தாலோ என்ஐபிடியில் நாளைக் கடத்த வேண்டாம். அங்கே 21, 18, 13 மட்டும் பார்த்தால் போதாது; மைக்ரோஅரே என்ற நுணுக்கமான பரிசோதனைக்கும், பின்னால் குழந்தையின் இதய எக்கோவுக்கும் வேலை இருக்கிறது. என்னுடைய 1:148 இரண்டுக்கும் நடுவில் நின்றது. நான் ஊசியைத் தேர்ந்தெடுத்தேன். என்ஐபிடி நன்றாக வந்தாலும் ‘99தானே, நூறு இல்லையே’ என்று பிரசவம் வரை எண்ணிக்கொண்டு இருந்திருப்பேன். அது என் சுபாவம். உங்கள் சுபாவம் வேறாக இருக்கலாம்.

ஆம்னியோ நாள்

வெறும் வயிறு வேண்டியதில்லை. எச்ஐவி, மஞ்சள் காமாலை ரத்தப் பரிசோதனைகளையும் ரத்த வகை ரிப்போர்ட்டையும் கேட்பார்கள். நெகட்டிவ் ரத்த வகை என்றால் முன்பே சொல்லுங்கள். ஊசிக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி என்ற ஊசி மருந்து போட வேண்டிவரும். சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி, ஒரு நகலைக் கையில் தர வேண்டும் என்பது சட்டம்.

படுக்கவைத்து வயிற்றில் பழுப்பு நிற மருந்தைத் தடவினார்கள், ஜில்லென்று இருந்தது. டாக்டர் ஒரு கையில் ஸ்கேன் கருவி, இன்னொரு கையில் ஊசி. முடி மாதிரி மெலிசு, ஆனால் நீளம். நான் பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தேன், பார்த்துவிட்டேன். தோலில் குத்தும்போது ரத்தம் எடுக்கும் வலிதான். கர்ப்பப்பையைத் தொடும்போது மாதவிலக்கு வலி மாதிரி ஒரு இழுப்பு. சிரிஞ்சில் வெளிர் மஞ்சளாக, ஆறிப்போன நீராகாரம் தெளிந்த மாதிரித் தண்ணீர் ஏறியது. முதலில் வந்த கொஞ்சத்தைத் தனியாக வைத்துவிட்டு அப்புறம் இன்னொரு சிரிஞ்ச். மொத்தம் 15, 20 மில்லிதான் எடுப்பார்கள். அதைக் குழந்தையின் உடம்பே மறுபடி ஊறவைத்துக்கொள்ளும். ஊசியை வெளியே எடுத்ததும் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார். இதயம் துடித்துக்கொண்டு இருந்தது. உள்ளே போய் வெளியே வரப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஒன்றிரண்டு நாள் கனமானதைத் தூக்காமல், வீட்டு வேலையைக் குறைத்துக்கொண்டால் போதும். மாதக்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. தண்ணீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, வலி விட்டுவிட்டு வந்து கூடினாலோ நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

காத்திருக்கும் நாட்கள்

முதல் ரிசல்ட் இரண்டு மூன்று வேலை நாளில் வரும். 21, 18, 13 போன்ற முக்கியமானவற்றை மட்டும் பார்ப்பது. முழு குரோமோசோம் ரிப்போர்ட்டுக்கு செல்களை வளர்க்க வேண்டும், இரண்டு மூன்று வாரம் ஆகும். எந்தத் தேதிக்குள் வரும், யார் போனுக்கு வரும் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் என் நம்பரை எடுத்துவிட்டுக் கணவர் நம்பரைக் கொடுத்தேன். ஆபீஸ் மீட்டிங் நடுவில் திறந்து பார்க்கும் ஆள் நான்.

பகலில் சமாளித்துவிடலாம், ராத்திரிதான் கஷ்டம். நாலைந்து நாளாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்று ஆகிவிட்டால் 14416 டெலிமானஸ், மனநல உதவிக்கான இலவச எண். தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும்.

அஞ்சாம் மாத ஸ்கேனில் வருபவை

டபுள் மார்க்கர் எல்லாம் நல்லபடியாக முடிந்து, குழந்தையின் உறுப்புகளைப் பார்க்க 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் அனாமலி ஸ்கேனில் சிலருக்குப் புதிதாக ஒரு வரி வந்து நிற்கும். இதயத்தில் வெள்ளைப் புள்ளி, மூளையில் சின்ன நீர்க்கட்டி, சிறுநீரகத்தில் லேசான விரிவு. இவை நோய் இல்லை, குரோமோசோம் பக்கம் யோசிக்க வைக்கும் அடையாளங்கள். முந்தைய ஸ்கிரீனிங் நன்றாக இருந்து இதில் ஒன்று மட்டும் தனியாக வந்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லாமல் போய்விடும். சிறுநீரக விரிவுக்கு மட்டும் 32 வாரத்தை ஒட்டி மறுபடி ஒரு ஸ்கேன் பார்ப்பார்கள்.

முடிவு வந்தபின்

எனக்கு ‘நார்மல்’ வந்தது. மகனுக்கு இப்போது நாலு வயது. ஆனால் அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த திண்டுக்கல் பக்கத்துப் பெண்ணுக்கு அப்படி வரவில்லை. இந்தப் பகுதி அவரைப் போன்றவர்களுக்கு.

உறுதியாகிவிட்டால் அன்றைக்கே முடிவு எடுக்காதீர்கள். முதலில் எந்தக் குரோமோசோம் என்று தெளிவாகக் கேளுங்கள். 18, 13 என்றால் பெரும்பாலான குழந்தைகள் முதல் வருடத்தைத் தாண்டுவதில்லை. 21 அப்படி இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கும், அதில் பலவற்றை அறுவை சிகிச்சையில் சரிசெய்யலாம். பேச்சும் படிப்பும் மெதுவாக வரும். எவ்வளவு மெதுவாக என்று கருவில் யாராலும் சொல்ல முடியாது. நல்ல மருத்துவம் கிடைக்கும் நாடுகளில் அறுபது வயது வரை வாழ்கிறார்கள். முடிந்தால் அப்படி ஒரு குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஒரு முறை போய்ப் பேசிவிட்டு வாருங்கள். சென்னையில் டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா பெற்றோர்களோடு வேலை செய்கிறது. திண்டுக்கல் பெண் பெற்றுக்கொண்டார். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு மகளைப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறார். அங்கே கட்டணம் கிடையாது.

கலைப்பது என்று முடிவெடுப்பவர்களுக்குச் சட்டம் இப்படி: 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, கருவுக்குக் கடுமையான குறை இருந்தால், இரண்டு டாக்டர்கள். 24 வாரத்துக்கு மேல் என்றால் மாநில மருத்துவக் குழு பார்த்து அனுமதிக்க வேண்டும். பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டுமே போதும்; கணவர் கையெழுத்து சட்டத்தில் இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு சட்டப்படி இதற்காக ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. சில நாளில் மார்பில் பால் கட்டும். அதை நிறுத்தவும் மருத்துவம் இருக்கிறது, டிஸ்சார்ஜுக்கு முன்பே கேளுங்கள். யாரும் தானாகச் சொல்வதில்லை.

எந்த முடிவானாலும் அந்த குரோமோசோம் ரிப்போர்ட்டின் அசலை ஒரு ஃபைலில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். கூடுதலாக வந்த குரோமோசோம் தனியாக நிற்கிறதா, இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பது அதில்தான் இருக்கும். ஒட்டிக்கொண்டிருந்தால் அடுத்த குழந்தைக்கு முன் கணவன், மனைவி இருவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். தனியாக நின்றால் பெரும்பாலும் அது தேவைப்படாது.